லிஸ்பெத்தின் வாசல்கள்

ஒரு கையால் நாய்க்குக் காய்ந்த கறுப்பு ரொட்டியை நீட்டிக்கொண்டே, மறு கையால் பெட்டியின் மேல் ஸ்கேனரை வைத்து அழுத்துகிறாள் லிஸ்பெத். அது கீச்சென்று கத்துகிறது. "சரி, சரி, காது கேக்குது," என்று அதற்கும் ஒரு பதில். நாய் இரண்டாவது துண்டுக்காக அவள் கால்சட்டைப் பைக்குள் மூக்கை நுழைக்கிறது. வேன் ஏற்கெனவே சாலையைப் பார்த்தபடி நிற்கிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் இறங்குவாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்ச் சமையலறைக் கதவைத் தட்டுகிறாள். முன்வாசலில்தான் கொடுக்க வேண்டும் என்பது பார்சல் கம்பெனியின் விதி. "முன்வாசல் கல்யாணத்துக்கும் சவப்பெட்டிக்கும். நான் ரெண்டையும் கொண்டு வரலியே," என்பாள்.

டென்மார்க்கின் லோலன் தீவில் மேற்குப் பாதி அவளுடைய ரூட். டயர், ஒயின், பின்னல் நூல், பன்றிக்குட்டிக்கான மருந்து, அளவு சரியில்லை என்று மூன்று முறை திரும்பிப்போன ஒரு கல்யாண கவுன் என்று எல்லாம் அவள் கை வழியாகப் போயிருக்கின்றன. எந்த வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது என்பது அந்த வீட்டு மாமியாருக்கு முன்னால் இவளுக்குத் தெரியும். "உள்ள என்னன்னு நான் கேட்கவே மாட்டேன். ஆனா தூக்கினா தெரியுமே," என்று தோளைக் குலுக்குவாள். தெரிந்ததை வெளியே சொல்ல மாட்டாள். ஐம்பத்து மூன்று வயதில் இந்தத் தீவில் அவளுக்குப் பகை என்று யாரும் இல்லாததற்கு இது ஒரு காரணம்.

வேன் கம்பெனியுடையது. மேலே போட்டிருக்கும் சாம்பல் நிற ஜாக்கெட்டும் கம்பெனியுடையது. வருடா வருடம் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எந்த வீட்டுக்கு முதலில், எந்த வீட்டுக்கு அடுத்து என்பதைக்கூட ஸ்கேனர்தான் சொல்லும். ஒரு வாசலில் அரை நிமிடத்துக்கு மேல் நின்றால் அது கத்த ஆரம்பிக்கும். இதெல்லாம் தெரிந்துதான் இந்த வேலையில் இருக்கிறாள். "சாயங்காலம் சாவியைக் கொக்கியில மாட்டிட்டேன்னா, அப்புறம் அந்த வேன் பத்திக்கிட்டு எரிஞ்சாலும் நான் திரும்பிப் பாக்க மாட்டேன்," என்பது அவள் அடிக்கடி சொல்லும் வாசகம். அதைச் சொல்லும்போது பார்வை எதிரே உட்கார்ந்திருக்கும் புருஷன் மேல் இருக்கும்.

புருஷன் ஹென்னிங்குக்குச் சொந்த லாரி இருக்கிறது. நீல நிறம். இலையுதிர் காலத்தில் வயல்களிலிருந்து சர்க்கரை ஆலைக்கு வெள்ளை பீட்ரூட், வசந்தத்தில் ஜல்லி, கோடையில் தானியம். இவர்கள் வீட்டுச் சமையலறையில் பதினோரு வருடமாக ஒரே சண்டைதான் நடக்கிறது. அண்டைவீட்டார் காப்பி குடிக்க வந்தால், விட்ட இடத்திலிருந்து அதைத் தொடர்ந்து கேட்டுவிட்டுப் போவார்கள்.

"ஏத்த மாட்டேன்னு சொல்ல முடிஞ்சவன்தான் டிரைவர்," என்பான் ஹென்னிங். "போன வருஷம் ஒரு பண்ணைக்காரன் கத்தினான். பாதி ஏத்தின லோடை அவன் முற்றத்துலயே கொட்டிட்டு வந்தேன். உன்னால முடியுமா? அந்த ஸ்கேனர் கத்தினா நீ ஓடற."

"உன் லாரி இருமினா நீ எழுந்து உட்கார்ற. நான் இருமினா திரும்பிப் படுத்துக்கற," என்பாள் லிஸ்பெத்.

ஹென்னிங் கோப்பையை எடுத்துக்கொண்டு சன்னலோரம் போய்விடுவான்.

ஆரம்பத்தில் அவளும் அந்த லாரியை ஓட்டியவள்தான். கல்யாணமான புதிதில் இருவரும் மாறி மாறி ஓட்டினார்கள். கனரக வண்டி உரிமத்தை அவள் இன்றைக்கும் விடாமல் புதுப்பித்து வைத்திருக்கிறாள். மகளுக்குப் பதினாலு வயதில் தேவாலயத்தில் திடப்படுத்தல் சடங்கு நடந்தது. ஊரைக் கூப்பிட்டு விருந்து. சித்தப்பா ஒருத்தர் எழுதிக்கொண்டு வந்த வாழ்த்துப் பாட்டை எல்லோரும் எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தபோது ஹென்னிங்கின் போன் அடித்தது. கூலிக்கு வைத்திருந்த ஆள் லாரியை வாய்க்காலில் இறக்கிவிட்டான். பாட்டின் நாலாவது அடி முடிவதற்குள் ஹென்னிங் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். மகள் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே மிச்சப் பாட்டையும் கேட்டாள். அந்த வாரமே லிஸ்பெத் பார்சல் கம்பெனியில் மனுப் போட்டாள். "இந்த வீட்டுல ஒருத்தர் வேலையாவது முடியற வேலையா இருக்கணும்," என்றாள்.

அந்த வருடம் அக்டோபரில் ஹென்னிங் லாரியின் படியிலிருந்து வழுக்கி விழுந்தான். பூட்ஸ் அடியில் பீட்ரூட் வயலின் களிமண் ஒட்டியிருந்தது. கணுக்காலில் முறிவு. ஒரு மாதத்துக்கு மாவுக்கட்டு என்றார் மருத்துவர். பீட்ரூட் வெட்டு அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. ஆலைக்கு யார் எப்போது கொண்டு வர வேண்டும் என்பதெல்லாம் முறைவைத்து எழுதியிருக்கும். ஒரு வண்டி நின்றுபோனால் அதன் முறை இன்னொரு வண்டிக்குப் போகும். போனது அடுத்த வருடம் திரும்பி வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

அவளை ஓட்டச் சொல்லி ஹென்னிங் கேட்கவில்லை. காலை நாற்காலியில் தூக்கிவைத்துக்கொண்டு, சன்னலுக்கு வெளியே நிற்கும் லாரியைப் பார்த்தபடி இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் காலையில் லிஸ்பெத் ரொட்டியில் ஈரல் பசையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"கிளட்ச் இன்னும் அப்படியே கடினமாத்தான் இருக்கா?"

"மாத்தியாச்சு. இப்ப வெண்ணெய் மாதிரி."

"பாப்போம்."

பார்சல் கிடங்கின் மேலாளர் காஸ்பர் முப்பது வயதுக்காரன், மரியாதையானவன். அவள் போனில் ஒரு மாத விடுப்புக் கேட்டதும், "ஒரு மாசம்னா சமாளிச்சுக்கறேன், லிஸ்பெத். அதுக்கு மேல கேக்காதீங்க. மேலிடத்துல என்னைக் கேப்பாங்க," என்றான். அவள் சாம்பல் ஜாக்கெட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, ஹென்னிங்கின் பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு லாரியில் ஏறினாள்.

பீட்ரூட்டுக்கு வாசல் கிடையாது. வயலோரத்தில் மலை மாதிரிக் குவித்துவைத்திருப்பார்கள். இயந்திரம் அள்ளி, மண்ணை உதறி, லாரியில் கொட்டும். ஆலையில் எடைமேடை. சன்னலுக்குள் வில்லி என்கிற ஆள். வில்லி பேச மாட்டார். கட்டைவிரலைத் தூக்கினால் மேடையில் ஏறலாம், மறுபடி தூக்கினால் இறங்கலாம். லிஸ்பெத் முதல் நாளே, "காலை வணக்கம், ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்டாள். வில்லி பயந்துபோய் எடைத்திரையைப் பார்த்தார், ஏதோ தப்பாகிவிட்டதோ என்று. இரண்டாவது வாரக் கடைசியில் அவரே சன்னலைத் திறந்து, "முதுகு வலி," என்றார். வரிசையில் பின்னால் நின்ற டிரைவர்களுக்கு வில்லியின் குரல் அப்படி இருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

ஆனால் லாரியில் அவளுக்குப் பிடித்துப்போனவையும் இருந்தன. உயரம் பிடித்தது. வேலிகளுக்கு மேலாகக் கடல்வரை பார்வை போனது. நினைத்த இடத்தில் நிறுத்தி பிளாஸ்கைத் திறக்க முடிந்தது, யாரும் கீச்சிடவில்லை. ஒரு பண்ணையில் மேற்பார்வையாளன், "இன்னும் ஒரு அள்ளு போட்டுக்கோங்க, எடை பாக்கப் போலீஸ் யாரும் இந்தப் பக்கம் வர மாட்டாங்க," என்றான். ஏற்கெனவே லாரி விளிம்புவரை நிரம்பியிருந்தது.

"மாட்டேன்," என்றாள் லிஸ்பெத்.

"ஹென்னிங் போட்டுப்பாரே."

"ஹென்னிங் போட்டுக்கவே மாட்டான். அப்படியே போட்டுக்கிட்டாலும் நான் மாட்டேன்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே இயந்திரத்தை நிறுத்தினான். திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையை உதட்டுக்குள் மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பதினோரு வருடமாக வேலை நேரத்தில் அவள் சொல்லியிராத வார்த்தை.

இன்னொன்றும் நடந்தது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, "மூணாவது கியர்ல ஒரு முனகல் வருது," என்றாள்.

ஹென்னிங்கின் முகம் மலர்ந்துபோயிற்று. "மேடு ஏறும்போதா, இறங்கும்போதா?"

"ஏறும்போது. லோடு இருந்தா மட்டும்."

"அதேதான்! எனக்கு மட்டும்தான் கேக்குதோன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

காய்ச்சல் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறவர்கள்போல் இருவரும் வெகுநேரம் அதைப் பற்றியே பேசினார்கள். உருளைக்கிழங்கு ஆறிப்போயிற்று. அன்று படுக்கப் போகும்போதுதான் லிஸ்பெத்துக்குத் தோன்றியது: சாவியைக் கொக்கியில் மாட்டிய பிறகும் தான் லாரியை விட்டு இறங்கவில்லை.

இனி ரூத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரூத் பன்றிப்பண்ணைக்காரி, லிஸ்பெத்தின் வயது, அவள் ரூட்டில் கடல் கரைக்குத் திரும்பும் முனையில் வீடு. இருவருக்கும் பதினோரு வருடப் பழக்கம். ரூத்தின் தங்கை க்ரீதேயின் கதையை லிஸ்பெத் அந்தச் சமையலறைக் கதவில் நின்றபடி தொடர்கதையாகக் கேட்டுவந்திருக்கிறாள். க்ரீதே வீட்டை விட்டுப் போனாள் என்பது தெரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கே என்பது வெள்ளிக்கிழமை. யாரோடு என்பது தெரிய ஒன்றரை மாதம் ஆயிற்று, நடுவில் ரூத் எதுவும் ஆர்டர் செய்யவில்லை. கால்நடை மருத்துவரோடு, படகில். ஒவ்வொரு தவணையும் ஸ்கேனரின் கீச்சோடு முடியும். "மிச்சம் அடுத்த பெட்டிக்கு!" என்று கத்திக்கொண்டே லிஸ்பெத் வேனுக்கு ஓடுவாள். ஒருநாளாவது உள்ளே போய் உட்கார்ந்து முழுதாகக் கேட்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

லாரி ஓட்டிய மூன்றாவது வாரத்தில் அது கைகூடியது. ஆலையில் கழுவும் தொட்டியில் ஏதோ சிக்கி, மத்தியானம்வரை வண்டி எடுக்க மாட்டோம் என்று எல்லோரையும் திருப்பியனுப்பினார்கள். லிஸ்பெத் லோடோடு நேராக ரூத்தின் முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். ரூத் கதவைத் திறந்து லாரியை அண்ணாந்து பார்த்தாள்.

"நாங்க பீட்ரூட் ஆர்டர் பண்ணலியே!"

"திருப்பி அனுப்பணும்னா கையெழுத்துப் போடணும்," என்றாள் லிஸ்பெத். "காப்பி இருக்கா? இன்னிக்கு எனக்கு நேரம் இருக்கு."

"நேரமா? உனக்கா? அட, உள்ள வா, உள்ள வா!"

பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். காலுறையில் பெருவிரல் எட்டிப்பார்த்தது. அதை மற்றக் காலால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரூத் அலமாரியிலிருந்து நல்ல கோப்பைகளை எடுத்து வைத்தாள். வாங்கி வைத்திருந்த பாதாம் கேக்கை வெட்டினாள். எதிரே உட்கார்ந்து மேசை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"காப்பி நல்லாருக்கு," என்றாள் லிஸ்பெத்.

"புது டப்பா."

குளிர்பெட்டி உறுமி அடங்கியது. மழை வரும் என்றாள் ரூத். ஆமாம், மேற்கே கறுத்திருக்கிறது என்றாள் லிஸ்பெத். லிஸ்பெத்துக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெட்டி இருந்தால் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

"க்ரீதே எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா."

அவ்வளவுதான். பதினோரு வருடக் கதைக்கு இரண்டு வார்த்தை. இன்னொரு துண்டு கேக் சாப்பிட்டார்கள். இந்தச் சமையலறை வெளியிலிருந்து பார்த்தபோது இதைவிடப் பெரிதாகத் தெரிந்ததே என்று லிஸ்பெத் நினைத்தாள். கோப்பை காலியானதும் நிம்மதியாக எழுந்து, வேலை இருக்கிறது என்றாள். ரூத்தும் நிம்மதியாக எழுந்தாள்.

கதவருகே குனிந்து பூட்ஸை மாட்டி, தாழ்ப்பாளில் கையும் வைத்துவிட்டாள். ரூத் கதவுச் சட்டத்தில் தோளைச் சாய்த்தாள்.

"அது கெடக்கட்டும், க்ரீதே போன வாரம் என்ன பண்ணினா தெரியுமா?"

"என்ன?"

"அந்தாளைப் படகுலயே விட்டுட்டு வந்துட்டா! நாயை மட்டும் கூட்டிக்கிட்டு!"

"ஐயோ! நாயை எதுக்கு?"

"நாய் அந்தாளோடது!"

ரூத் சொன்னாள், லிஸ்பெத் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு லிஸ்பெத் வில்லியின் முதுகுவலியைச் சொன்னாள், ரூத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திறந்த கதவு வழியாகக் காற்று வீட்டுக்குள் அடித்தது. பன்றிக்கொட்டகையிலிருந்து வந்த ரூத்தின் புருஷன் இருவருக்கும் நடுவில் நுழைந்து, "ஒண்ணு உள்ள இருங்க, இல்ல வெளிய போங்க, வீடெல்லாம் குளுருது," என்று கத்திவிட்டுப் போனார். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. லிஸ்பெத் ஆலைக்குத் திரும்பியபோது மத்தியானம் தாண்டியிருந்தது. வரிசை சாலைவரை நீண்டிருந்தது.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று ஹென்னிங் தடியூன்றி முற்றத்துக்கு வந்தான். அவளை லாரியின் மறுபக்கத்துக்கு வரச் சொன்னான். கதவில் அவன் பெயருக்குக் கீழே, அதே வெள்ளை எழுத்தில், அதே அளவில் லிஸ்பெத் என்று எழுதியிருந்தது. வண்டி எழுதுகிறவன் முந்தின நாள் அவள் கடைக்குப் போயிருந்தபோது வந்துபோயிருக்கிறான்.

"ரெண்டு பேரும் முறைபோட்டு ஓட்டினா இந்த வண்டி நிக்கவே வேணாம்," என்றான் ஹென்னிங். அவளைப் பார்க்காமல், எழுத்தைப் பார்த்துச் சொன்னான். "நீ என்னைவிட நல்லா ஓட்டற. வில்லிகூடச் சொன்னான்."

"வில்லியா? வாயைத் திறந்தா சொன்னாரு?"

"போன் பண்ணிச் சொன்னான்."

அவள் எழுத்தின் மேல் விரலை ஓட்டினாள். பெயிண்ட் காய்ந்திருந்தது. அழகான எழுத்து. அவள் வாங்கும் எந்தச் சம்பளச் சீட்டிலும், போட்டுக்கொள்ளும் எந்த ஜாக்கெட்டிலும் அவள் பெயர் அத்தனை பெரிதாக இருந்ததில்லை.

"வண்டி நிக்க வேணாம், சரி. நீ வரும்போது நான் போவேன், நான் வரும்போது நீ போவே. நம்ம ரெண்டு பேரும் எப்ப பாத்துக்கறது?"

"ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை கிரீஸ் போடுவே." அவள் கையைக் கம்பளிச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். "என்னால முடியாது ஹென்னிங். வண்டி நல்ல வண்டிதான். ஆனா நாளெல்லாம் ஓட்டினாலும் ஒரு கதவு திறக்க மாட்டேங்குது. திங்கக்கிழமை நான் ரூட்டுக்குப் போறேன்."

ஹென்னிங் தடியின் நுனியால் சரளைக்கல்லைக் கிளறிக்கொண்டு நின்றான். முகம் சுருங்கிப்போயிருந்தது. கடைசியில், "அப்ப பேரை அழிச்சுடச் சொல்லவா?" என்றான்.

"எதுக்கு? இருக்கட்டும். உனக்கு உடையறதுக்கு இன்னொரு கால் இருக்கே."

அவன் சிரிக்காமலிருக்கப் பார்த்தான், முடியவில்லை.

திங்கட்கிழமை காலை கிடங்கில் காஸ்பர் அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டான். நாற்காலியில் உட்காரச் சொன்னான். அவன் உட்காரச் சொல்வது வழக்கமில்லை.

"மேற்கு ரூட்டை உங்களுக்குப் பதிலா வந்தவருக்கே நிரந்தரமா குடுத்துட்டாங்க, லிஸ்பெத். அவர் வேகமா முடிக்கறார். உங்களுக்குத் தெற்குக் கரை. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

"பதினோரு வருஷம், காஸ்பர்."

"தெரியும்."

"அந்த வீட்டு நாயெல்லாம் எனக்குத் தெரியும்."

"தெரியும். ஆனா ஒப்பந்தத்துல ரூட்டுன்னு எதுவும் போடலியே. இந்தத் தீவுன்னுதான் போட்டிருக்கு."

'மாட்டேன்' என்ற வார்த்தை நாக்குவரை வந்தது. சொன்னால் காஸ்பர் தலையாட்டுவான், இன்னொருத்தரை வைத்துக்கொள்வான். வீட்டு முற்றத்தில் அவள் பெயரெழுதிய லாரி நிற்கிறது. அவள் வெளியே வந்து, வேன்களுக்கு நடுவில் நின்று ஹென்னிங்குக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள். பதினோரு வருடச் சண்டையில் அவன் ஜெயித்துவிட்டான். அந்த வேனைப்போல அந்த ரூட்டும் அவளுடையதில்லை என்று எத்தனையோ முறை சொன்னவன். ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியிருந்தால் அவள் போனை வைத்திருப்பாள்.

"சாப்பாடு எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டான் ஹென்னிங்.

"எடுத்துக்கிட்டேன்."

"தெற்குப் பக்கம் காத்து அதிகமா இருக்கும். வேன் கதவைப் பிடிச்சுத் திற. பிச்சுக்கிட்டுப் போயிடும்."

"சரி," என்றாள். கொஞ்சம் நின்று, "சாயங்காலம் வந்துடறேன்," என்றாள்.

ரூத்திடமிருந்து அன்று காலையே செய்தி வந்திருந்தது: வெள்ளிக்கிழமை ஒரு பையன் வந்தான், பெட்டியை வேலிமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான், நான் கதவைத் திறந்து பார்த்தால் ஆளே இல்லை, நாய் அவனைத் துரத்திக்கொண்டு போயிருக்கிறது. லிஸ்பெத் இரண்டு தடவை படித்தாள். சனிக்கிழமை வருகிறேன், ஆனால் உள்ளே கூப்பிடாதே என்று பதில் அனுப்பினாள்.

பிறகு வேனை எடுத்துக்கொண்டு தெற்கே போனாள். பாதி வீடுகள் கோடைக்கால வீடுகள்; பலகை அடித்துப் பூட்டிக் கிடந்தன. எந்தத் திருப்பத்தில் சேறு, எந்த வீட்டில் பின்கதவு எங்கே என்பது எதுவும் தெரியவில்லை. கடலணை ஓரத்துச் செங்கல் வீடுதான் முதல் பெயர். சமையலறைக் கதவைத் தேடிக் கண்டுபிடித்துத் தட்டினாள். தடித்த காலுறை போட்ட உயரமான மனிதர் ஒருத்தர் திறந்தார். டெலிவரிக்கு வருகிறவர்கள் முகத்தை யாரும் பார்ப்பதில்லையே, அப்படியே அவரும் பெட்டியைப் பார்த்தார், திரையில் விரலால் கிறுக்கினார், பெட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தப் போனார்.

"நான் லிஸ்பெத்," என்றாள். "இனிமே இந்தப் பக்கம் நான்தான் வருவேன்."

கதவு பாதியில் நின்றது. அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். லிஸ்பெத் வலதுகைக் கையுறையின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிவிட்டு, வெறுங்கையை அவர் பக்கம் நீட்டினாள்.